ஒரு செம்பருத்தி, 116 படங்கள்: ஃபோகஸ் ஸ்டாக்கிங் எங்கே சறுக்கியது

மூன்று காலை, மொத்தம் 116 படம், தேறியது ஒன்றே ஒன்று. பூவும் மலையேறித் தேடிப் பிடித்த அபூர்வப் பூ இல்லை, வீட்டு மாடித் தொட்டியில் தினமும் பூக்கிற சிவப்பு ஒற்றைச் செம்பருத்தி. எங்கெங்கே சறுக்கினேன், மென்பொருளின் குறை என்று நினைத்ததில் எவ்வளவு என் குறையாக முடிந்தது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்றாலே "ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி நிறைய எடு, மென்பொருளில் போடு, முன்னிருந்து பின்வரை ஷார்ப்பான ஒரே படமாகச் சேர்த்துக் கொடுத்துவிடும்" என்கிறார்கள். நாணயத்துக்கும் செத்த வண்டுக்கும் அது சரி. பூ உயிரோடு இருக்கிறது, அதுதான் சிக்கல்.

செம்பருத்தியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் நடுத்தண்டு. ஐந்து இதழும் பின்னால் விரிந்திருக்க, நடுவிலிருந்து ஒரு குழல் ஆறேழு சென்டிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டு வருகிறது. அதன் மேல்பாதியில் சுற்றிலும் மெல்லிய இழைகள், இழைநுனியில் மஞ்சள் மகரந்தப்பைகள், எல்லாவற்றுக்கும் முன்னால் ஐந்தாகப் பிரிந்து வெல்வெட் பொட்டு ஒட்டினாற்போல் ஐந்து சூல்முடிகள். மகரந்தத் துகளும் பெரிது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும், வெறும் கண்ணுக்கே ரவை சிந்தியதுபோல் தெரியும். அடுக்குச் செம்பருத்தியில் இந்தத் தண்டு இதழ்களுக்குள் புதைந்துபோவதால் அதை விட்டுவிட்டேன்.

கருவி பெரிதாக ஒன்றுமில்லை. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன அளவு) சென்சார் உள்ள கேனான் டிஎஸ்எல்ஆர், மிகக் கிட்டே போய் எடுக்க 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், கொஞ்சம் கனமான ட்ரைபாட், திருகைச் சுற்றினால் கேமராவை முன்னும் பின்னும் நகர்த்துகிற மலிவு விலை ரெயில் ஒன்று. தானாகவே ஃபோகஸை நகர்த்தி வரிசையாக எடுத்துத் தருகிற வசதி இந்த கேமராவில் கிடையாது. ஒலிம்பஸ் 2015-லும் நிக்கான் 2017-ல் டி850-லும் கொடுத்த வசதி அது. கேனானின் புதிய மிரர்லெஸ் பலவற்றிலும் இருக்கிறது. உங்களிடம் அது இருந்தால் கீழே வரும் புலம்பலில் கால்வாசியைத் தாண்டிப் போகலாம். முக்கால்வாசி உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இதை முன்பே போட்டுப் பார்த்திருந்தால் முதல் இரண்டு காலையும் மிச்சம். பூவில் இரண்டு சென்டிமீட்டர் இருப்பது சென்சாரில் ஒரு சென்டிமீட்டராக விழும் அளவுக்குக் கிட்டே போகிறோம், அதாவது 1:2. அப்போது எஃப்/8-ல் (எஃப் எண் என்பது அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை அளவு; எண் கூடினால் துளை சின்னது) ஷார்ப்பாகக் கிடைக்கும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்தே சுமார் 1.9 மி.மீ.தான். எஃப்/5.6-ல் 1.3 மி.மீ. 1:1 வரை போனால் எஃப்/8-லேயே 0.6 மி.மீ.க்கு இறங்கிவிடும். இது ஏபிஎஸ்-சிக்கு வழக்கமாக வைக்கும் 0.02 மி.மீ. மங்கல் வரம்பை (சென்சாரில் ஒரு புள்ளி இவ்வளவு பரவினாலும் ஷார்ப் என்று ஏற்கும் அளவு) வைத்துப் போட்ட கணக்கு, திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கு இதுவே தாராளம்.

சரி, அப்பர்ச்சரை எஃப்/22 வரை மூடிவிட்டால் ஒரே படத்தில் முடியாதா? நானும் அப்படி எத்தனையோ பூ எடுத்திருக்கிறேன். கிட்டே போகப் போக லென்ஸில் காட்டும் எண் நிஜ எண் அல்ல. 1:2-ல் அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும், 1:1-ல் இரண்டால். ஆகவே எஃப்/22 என்பது அங்கே எஃப்/33. அவ்வளவு சின்னத் துளையில் ஒளி விளிம்பில் வளைந்து, ஒரு புள்ளி என் சென்சாரில் பதினொன்று பன்னிரண்டு பிக்சல் அகலத்துக்குப் பரவுகிறது. அதாவது எல்லா இடமும் ஒரே மாதிரி ஷார்ப், ஒரே மாதிரி மொண்ணை. அப்படி மூடியும் கிடைக்கிற ஆழம் ஐந்து மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், தண்டோ அறுபத்தைந்து. (நிக்கானில் மேக்ரோ லென்ஸ் போட்டால் இந்த நிஜ எண்ணையே திரையில் காட்டும், கேனான் எழுதிய எண்ணையே காட்டும். இரண்டு கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்து அப்பர்ச்சர் பேசினால் சண்டை வருவது பாதி இதனால்தான்.)

முதல் காலை: 60 படம்

காலை 6.20-க்குப் பறித்தேன். செம்பருத்தியில் ஒரு வசதி, பறித்து தண்ணீர்கூட வைக்காமல் விட்டாலும் அன்று முழுக்க விரிந்தேதான் இருக்கும். ஒரு பாட்டிலில் சொருகி, ஜன்னல் பக்கத்து மேசையில் வைத்து, நேர் எதிரே கேமரா. சூல்முடி என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்க, பின்னால் ஐந்து இதழும் சிவப்புத் தட்டுபோல். எடுப்பான கோணம், எல்லோரும் எடுப்பது இதைத்தான். எஃப்/5.6, ரெயிலில் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அறுபது படம். ஒவ்வொன்றுக்கும் திருகைச் சுற்றி, ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, இரண்டு நொடி டைமரில் எடுத்ததில் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது.

ஃபோட்டோஷாப்பில் லேயர்களாக அடுக்கி, ஆட்டோ அலைன் (ஒன்றின்மேல் ஒன்று பொருத்த), ஆட்டோ பிளெண்ட் (ஒன்றாகச் சேர்க்க). வந்த படத்தில் சூல்முடி அருமை. மகரந்தப்பைகளைச் சுற்றி மூட்டம். இதழ்களின் ஓரம் இரட்டையாக. தண்டின் அடிப்பாகம் வெட்டி ஒட்டியதுபோல் விலகி நின்றது. மென்பொருளைத் திட்டிவிட்டு, ஸ்டாக்கிங்குக்கென்றே உள்ள ஜெரீன் ஸ்டாக்கர் மென்பொருளை முப்பது நாள் இலவசத்தில் இறக்கி அதே படங்களைப் போட்டேன். அதே மூட்டம், இதழ் ஓரம் மட்டும் வேறு விதமாக இரட்டை.

அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன், அறுபது படத்தையும் அம்புக்குறி விசையை அழுத்திப் பிடித்து வேகமாக ஓடவிட்டேன். சினிமா மாதிரி பூ மலர்ந்துகொண்டிருந்தது! இருபது நிமிடத்தில் இதழ்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவு பின்னால் மடங்கியிருந்தன. முன்னால் இருந்த சூல்முடியை எடுத்தபோது இருந்த பூ வேறு, இதழை எடுத்தபோது இருந்த பூ வேறு. இரண்டையும் எந்த மென்பொருள் சேர்க்கும்? செம்பருத்தி ஒரு நாள் பூ, காலையில் விரிந்து மாலையில் சுருள்வது, ஆறரை மணிக்கு அது நின்று போஸ் கொடுக்காது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற பூ, இது உறைக்க அறுபது படம் வேண்டியிருந்தது.

இரண்டாவது தப்பு ரெயில். ரெயிலில் நகர்த்தும்போது லென்ஸ் பார்க்கிற இடமே நகர்கிறது. அறுபத்தைந்து மில்லிமீட்டர் முன்னால் போனால் சூல்முடிக்கும் பின்னால் உள்ள இதழுக்கும் இடையிலான நிலை படத்துக்குப் படம் மாறும், ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் முன்னால் உள்ள மரம் வேகமாகவும் பின்னால் உள்ள மலை மெதுவாகவும் போவதுபோல. மென்பொருளால் படத்தைச் சுருக்கி விரித்து நகர்த்த முடியும், மரத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எட்டிப் பார்க்க முடியாது. 1:1-க்கு மேல் போகிற நுண்படங்களுக்கு ரெயில்தான் வசதி. அதற்குக் கீழே, இவ்வளவு ஆழமான பொருளுக்கு, கேமராவை அசைக்காமல் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புவதே மேல்.

மூட்டத்துக்குக் காரணம் இவை இரண்டுமே இல்லை. அதைக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் அது இரண்டாவது முறை அடிபட்ட பிறகுதான் புரிந்தது.

இரண்டாவது காலை: 34 படம்

பூ முழுக்க விரிந்துவிடட்டும் என்று ஒன்பதரை வரை காத்திருந்தேன். பறிக்காமல் செடியிலேயே. காம்பை ஒரு குச்சியில் துணி கிளிப்பால் மெதுவாகப் பிடிக்க வைத்தேன், காற்று அடிக்கும்போது நிறுத்தி, அடங்கியதும் எடுத்தேன். இந்த முறை வளையத்தைக் கையால் திருப்பி, எஃப்/8-ல், கொஞ்சம் சாய்ந்த கோணத்தில் 34 படம்.

கணக்கு தெரிந்தவர் இங்கேயே பிடித்திருப்பார். 65 மி.மீ. ஆழத்தை 34-ஆல் வகுத்தால் ஒரு படிக்கு 1.9, எஃப்/8 தருகிற ஆழமும் 1.9. ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு ஒட்டி நிற்கிறது. அதுவும் கை அளந்து திருப்பியது என்று வைத்துக்கொண்டால்! நிஜத்தில் சில படி ஒன்றுக்கு விழுந்தது, சில படி மூன்றுக்கு விழுந்தது, தண்டின் நடுவில் இரண்டு இடத்தில் ஷார்ப், மங்கல், ஷார்ப் என்று வரி விழுந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்காவது ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். முன்பக்கம் படியைச் சின்னதாகவும், பின்னால் போகப் போகக் கொஞ்சம் பெரிதாகவும் வைக்கலாம், தூரம் கூடக் கூட ஆழமும் கூடுகிறது.

அடுத்தது எறும்பு. செம்பருத்தி வளர்ப்பவருக்கு மாவுப்பூச்சியையும் அதைத் தேடி வருகிற எறும்பையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓர் எறும்பு இதழின் குறுக்கே நடந்து போயிருக்கிறது, நான் வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேர்த்த படத்தில் அது மூன்று எறும்பாகி, மூன்றாவதுக்குத் தலை மட்டும் இருந்தது. இதை அழிக்காமல் தனியாக வைத்திருக்கிறேன்.

எறும்பு சிரிப்பு. சிவப்பு சிரிப்பில்லை. கேமராத் திரையில் வெளிச்ச வரைபடம் (ஹிஸ்டோகிராம்; இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம்) சரியாக நடுவில் இருந்தது, நிம்மதியாக எடுத்தேன். வீட்டில் மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் பச்சையும் நீலமும் தரையோடு கிடக்க, சிவப்பு மட்டும் வலது சுவரில் மோதி நசுங்கியிருந்தது. நசுங்கிய இடத்தில் இதழின் நரம்பு, வரி எதுவுமே கிடையாது, வெறும் சிவப்புப் பெயின்ட். இது அழகுப் பிரச்சினை மட்டுமில்லை. எந்தப் படத்தில் எந்த இடம் ஷார்ப் என்று ஸ்டாக்கிங் மென்பொருள் கண்டுபிடிப்பதே பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையிலான வேறுபாட்டை வைத்துத்தான். வேறுபாடே இல்லாத இடத்தில் அது குத்துமதிப்பாக ஏதோ ஒரு படத்திலிருந்து எடுத்துப் போடுகிறது, இதழ் முழுக்கத் திட்டுத் திட்டாக வந்ததற்குக் காரணம் அது. போதாக்குறைக்கு சென்சாரில் சிவப்பைப் பார்க்கும் பிக்சல் நாலில் ஒன்றுதான், சுத்தமான சிவப்புப் பூவில் நுணுக்கம் ஏற்கெனவே குறைவு. இப்போதெல்லாம் சிவப்புப் பூ என்றால் ஆர்ஜிபி வரைபடத்தைத் திறந்துவைத்து, சிவப்பு சுவரைத் தொடாதவரை வெளிச்சத்தைக் குறைக்கிறேன், முக்கால் ஸ்டாப், சில சமயம் ஒரு ஸ்டாப்கூட (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி). படம் இருட்டாகத் தெரியும், ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் அசல் தரவு) தூக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் பிறகு, இந்த 34-லும் மகரந்தப்பைகளைச் சுற்றி அதே மூட்டம். பூ அசையாத இடத்திலும் இருந்தது, ரெயிலும் இல்லை. அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

இதழில் ஃபோகஸ் வைத்திருக்கும்போது முன்னால் உள்ள சூல்முடி எப்படித் தெரியும்? ஊதிப் பெருத்த மங்கல் உருண்டையாக. அந்த உருண்டை தன் நிஜ அளவைவிடப் பெரிதாக இருப்பதால், தன் ஓரத்தை ஒட்டிய இதழையும் மூடிக்கொண்டு நிற்கிறது. சூல்முடியில் ஃபோகஸ் வைத்த படத்தில் அந்த ஓரத்து இதழ் தெரிகிறது, ஆனால் மங்கல். ஆக அந்தச் சின்ன ஓரம் மட்டும் எந்தப் படத்திலும் ஷார்ப்பாக இல்லை. அறுபது எடுத்தாலும் அறுநூறு எடுத்தாலும் இல்லை. இல்லாத ஒன்றை மென்பொருளிடம் கேட்டுவிட்டு அதைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த ஓரம் எவ்வளவு அகலம் என்று தோராயமாகப் போடலாம். லென்ஸின் துளை விட்டம் 100-ஐ 5.6-ஆல் வகுத்தால் 18 மி.மீ. சூல்முடி லென்ஸிலிருந்து சுமார் 300 மி.மீ. தூரத்தில், இதழ் அதற்கு 65 மி.மீ. பின்னால். 18-ஐ 65-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 4 மி.மீ. மங்கல். மகரந்தப்பை ஒவ்வொன்றும் அதைவிடச் சின்னது! எஃப்/11-க்கு மூடினால் இந்த மங்கல் பாதியாகும். ஸ்டாக்கிங்கில் அப்பர்ச்சரைத் திறந்து வைத்து நிறைய படம் எடுப்பதே உசத்தி என்று நம்பிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று விலகி நிற்கிற பூவுக்கு அது நேர்மாறு. ஆனால் அந்தக் கணக்கில் அப்பர்ச்சரைவிட எளிதாக மாற்றக்கூடிய எண் ஒன்று இருக்கிறது. 65.

மூன்றாவது காலை: 22 படம்

பூவைத் திருப்பினேன். அவ்வளவுதான். தண்டு என்னை நோக்கி நீளாமல், படத்தின் குறுக்கே இடமிருந்து வலமாகப் படுத்திருக்கும்படி. இதழ்கள் இடது ஓரத்திலும் பின்னணியிலும் போய்விட்டன. இப்போது நான் ஷார்ப்பாக வைத்தே ஆக வேண்டியது முன்பக்க இழையிலிருந்து பின்பக்க இழை வரை, சுமார் 20 மி.மீ. மட்டும். எஃப்/8-ல் அதே கணக்கைப் போட்டால் ஓர மங்கல் 4-லிருந்து ஒன்றுக்கும் கீழே, 0.8 மி.மீ.க்கு வந்துவிட்டது. இதழை ஸ்டாக் செய்யவே இல்லை. அது மங்கலாகவே இருக்கட்டும் என்று விட்டேன், பின்னால் சிவப்பு தகதகவென்று இருந்தால் மஞ்சள் தனியாக எடுத்து நிற்கும்.

நேரம் பத்தரை, பூ விரிந்து முடித்துவிட்ட நேரம். எடுக்குமுன் ஒரு சோதனை: ஒரே ஃபோகஸில் ஒரு படம், ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், அசைவில்லை. (இந்த இரண்டையும் 116-ல் சேர்க்கவில்லை.) மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு இறங்கினேன், மாடியில் யாராவது நடந்தால்கூட ட்ரைபாட் சொல்லிவிடும். வாஷிங் மெஷின் ஓடி முடியும்வரை காத்திருந்தேன். மின்விசிறியை நிறுத்தினேன், இதுதான் உண்மையான தியாகம்.

ஜன்னல் வெளிச்சத்தை நம்பவில்லை, மேகம் போனால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறி மென்பொருள் குழம்பும். ஒரு எல்இடி விளக்கு, முன்னால் பட்டர் பேப்பர், எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மகோல் அட்டை. மலிவு எல்இடி நம்மூர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு நூறு தடவை மினுங்கும், வேகமான ஷட்டரில் அது கோடாக விழும். பூ அசையாததால் ஐந்தில் ஒரு நொடி வைத்தேன், கோடு வர வழியில்லை. ஐஎஸ்ஓ 100, வெள்ளைச் சமநிலை நிலையாக, எல்லாம் மேனுவல்.

வளையத்தையும் கையால் தொடவில்லை. கேனான் தரும் இலவச இஓஎஸ் யூட்டிலிட்டியில் கேமராவை லேப்டாப்போடு கேபிளில் இணைத்தால் லைவ் வியூ திரையில் ஃபோகஸை நகர்த்த மூன்று அளவில் அம்புகள் இருக்கின்றன. சின்ன அம்பை எத்தனை முறை அழுத்தினால் ஒரு மில்லிமீட்டர் என்று ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்து முன்பே பார்த்துக்கொண்டேன். மிக முன்னால் இருக்கும் இழைக்கும் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கி, கடைசி இழையைத் தாண்டி ஒரு படி கூடுதலாகப் போய் நிறுத்தினேன். நான்கு நிமிடத்தில் 22 படம் முடிந்தது. ஓரங்களில் இடம் விட்டே எடுத்தேன், ஃபோகஸ் நகர நகரப் படத்தின் அளவும் மாறும், சேர்க்கும்போது விளிம்பு போய்விடும்.

சேர்த்ததும் செதுக்கியதும்

ஜெரீனில் இரண்டு வழி உண்டு. பிமேக்ஸ் என்பது படத்தைக் கரடுமுரடான விவரம், நுண்ணிய விவரம் என்று அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் வலுவானதை எடுத்துச் சேர்ப்பது. ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிடுகிற இழைகளை அது அழகாகப் பிரித்துக் காட்டும், ஆனால் இரைச்சலையும் கான்ட்ராஸ்ட்டையும் கூட்டிவிடும், வழவழப்பான இடமெல்லாம் சொரசொரப்பாகும். டிமேப் ஒவ்வொரு புள்ளிக்கும் எந்தப் படம் ஷார்ப் என்று ஆழ வரைபடம் போட்டு அங்கிருந்து எடுக்கும். நிறமும் வழவழப்பும் அசலாக இருக்கும், இழை குறுக்கிடும் இடத்தில் தடுமாறும். ஹெலிக்கன் ஃபோகஸ் என்ற இன்னொரு ஸ்டாக்கிங் மென்பொருளில் சி, பி என்று இருப்பவை ஏறக்குறைய இதே இரண்டுதான்.

இரண்டையும் ஓட்டினேன். டிமேப்பை அடிப்படையாக வைத்து, இழைகள் பின்னிக்கிடக்கும் இடத்தில் மட்டும் பிமேக்ஸிலிருந்து தூரிகையால் எடுத்துத் தடவினேன். இதற்கு ஒரு மணி நேரம் ஆனது, எடுத்த நேரத்தைப்போல் பதினைந்து மடங்கு. மேல் மூலையில் ஒரு விசித்திரம்: மங்கலான சிவப்பின்மேல் கறுப்புப் புள்ளிகள் எறும்பு வரிசைபோல் கோடாகப் போயின. நிஜ எறும்பில்லை இந்த முறை, சென்சாரில் ஒட்டிய ஒரே ஒரு தூசி. ஒவ்வொரு படமும் அளவு மாற்றி அடுக்கப்படும்போது தூசியும் இடம் மாறிக் கோடாகிவிட்டது. முன்பே ஊதித் துடைத்திருந்தால் அந்த வேலையும் இல்லை.

இடது கீழே ஓர் இழை இன்னும் லேசாக இரட்டையாகத் தெரிகிறது. சுட்டிக்காட்டினால் தவிரத் தெரியாது. அதை விட்டுவிட்டேன்.

அம்மாவிடம் லேப்டாப்பில் காட்டினேன், மூன்று நாளாக சாமிக்கு வைக்க வேண்டிய பூவை நான் பிடித்துவைத்துக்கொண்டதற்குக் கணக்கு காட்ட வேண்டாமா. மகரந்தப் பொடி ஒவ்வொன்றாகத் தெரிவதைப் பெரிதாக்கிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. பூ எங்கடா?" என்றார். மறுநாள் காலை போனில் நேர் எதிரே நின்று ஐந்து இதழும் தெரிய ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன், இப்போது அம்மாவின் வாட்ஸ்அப் டிபியில் இருப்பது அதுதான்.